அபராதம் பத்து ரூபாய்

வயதைச் சொல்லாதீர்கள்.
"அஞ்சு முடிஞ்சி ஆறு, இன்னா புக்கு குடுக்கலாம்?"
என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.
செருப்புக் கடையில்தான் அளவு கேட்பார்கள்.
எதற்குப் பயப்படுவாள், அதைச் சொல்லுங்கள்.
எந்தக் கேள்விக்குக் கை ஓங்கினீர்கள்,
அதையும்.

காந்தி ரோட்டிலிருந்து பிரியும் சந்து.
இட்லிக் கடைப் பலகையில்கூட வங்காள எழுத்து.
ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே
ஏழடிக்கு ஐந்தடி என் கடை.
நாள் வாடகை மூன்று ரூபாய்.
பக்கத்தின் காதை மடித்தால் பரவாயில்லை,
சாம்பார் சிந்தினால் துடைத்துக்கொள்வேன்,
உள்ளே கிறுக்கினால் மட்டும் பத்து ரூபாய் அபராதம்.
அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.

பல்லிக்குப் பயந்தவனுக்கு
வால் தொலைத்த பல்லியின் புத்தகம்.
பல்லி வீடெல்லாம் தேடும்.
வால் எங்கே என்று
படம் பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியும்.
"மக்கு, மாவு டப்பா பின்னாடி!"
கத்திய கத்தலில்
மேலே லாட்ஜ் மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

நசீஹா செவ்வாயும் வெள்ளியும் வருவாள்,
அம்மாவுக்கு டயாலிசிஸ் முடியும்வரை.
வெறும் படம் அவளுக்கு இப்போது போதாது,
நெருக்கி அச்சடித்த பக்கம் கண்டால் கொட்டாவி.
இடையில் ஒன்று இருக்கிறது:
பெரிய எழுத்து, எட்டுப் பக்கத்துக்கு ஓர் அத்தியாயம்,
ஒவ்வொன்றும்
ஓர் ஆட்டோ நின்றுபோகும் இடத்தில் முடியும்.
முதலில் பெட்ரோல்.
அடுத்து மேம்பாலத்தில் ஆடு.
மூன்றாவதில் டிரைவரையே காணோம்.
மீதியைப் பேரணாம்பட்டு பஸ்ஸில் படி என்றேன்.
"பஸ்ஸும் நின்னுட்டா?" என்றாள்.
அப்போது இரண்டு அத்தியாயம் கூடுதலாகப் படிக்கலாம்.

இலவம்பாடிக் கத்திரிக்காய்ப் பையோடு ஓர் அம்மா:
"கடைசியில நீதி இருக்குதா?"
இல்லைங்க. கடைசியில் ஓர் எருமை தூங்குகிறது.
அவர் திருப்பி வைத்தார்.
மகன் வைக்கவில்லை.
இழுத்த இழுப்பில் கொம்பு கிழிந்தது.
டேப் ஒட்டினேன்.
இன்று அந்த எருமைக்கு
ஒரு கொம்பு மட்டும் பளபளக்கும்.
அதைக் கேட்டே இப்போது வருகிறார்கள்.

பிறகு ஒரு மே மாதம்.
கோட்டை அகழியில் தண்ணீர் தகரம்போல் கிடந்த மதியம்.
எக்ஸ்ரே கவரை மகன் தலைக்குக் குடையாகப் பிடித்தபடி
ஒருவர் வந்து நின்றார்.
அவருக்குத் தமிழ் தெரியாது,
எனக்கு அவர் மொழி தெரியாது.
பையன் பெயர் மட்டும் கைமாறியது: துகின்.
மணிக்கட்டில் ஊசி செருகிய பிளாஸ்திரி.

எழுத்தே இல்லாத புத்தகம் ஒன்றை எடுத்தேன்.
ஒரு குடை பறக்கும், அவ்வளவுதான்.
கூரை, ஆறு, ரயில், கடைசியில் வெறும் வானம்.
வாங்குகிறவர்கள் புரட்டிவிட்டுச் சிரிப்பார்கள்,
படிக்க ஒண்ணுமே இல்லையே என்று.
துகின் ஆறாம் பக்கத்தில் விரல் வைத்து
நீளமாக ஏதோ சொன்னான்.
நானும் சொன்னேன்.
என் குடை வீட்டைவிட்டு ஓடிப்போகிறது.
அவன் குடை
வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம்.

ஒன்பது நாள் வைத்திருந்தான்.
பத்தாம் நாள் லாட்ஜ் பையன்
அறை காலி என்று
புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டான்,
இருபத்தேழு ரூபாயும் சரியாக இருந்தது.

கடைசிப் பக்கத்து வெறும் வானத்தில்
பென்சிலால் ஒரு பொடியன்.
சலைன் கம்பியை ஒரு கையில் உருட்டிக்கொண்டு
மறு கையால் குடைக்காம்பை எட்டுகிறான்.
இன்னும் ஓர் அங்குலம்.

நசீஹா பார்த்துவிட்டாள்.
"புடிச்சானா?"
தெரியாது.
"அடுத்த அத்தியாயம்?"
அதில் அத்தியாயம் கிடையாது, உன் ஆட்டோவை எடு என்றேன்.
எடுக்கவில்லை. குடையைத்தான் கொண்டுபோனாள்.

அட்டையை நான் கழற்றவில்லை.
சட்டம் சட்டம்தான்.
கணக்கு நோட்டில் பாக்கி:
துகின், பத்து ரூபாய்.
மாதம் பிறந்தால்
பழைய பக்கத்திலிருந்து புதுப் பக்கத்துக்கு
எடுத்து எழுதுகிறேன்.