சங்கு உள்ள சொல்

டோக்கன் நாற்பத்தேழு.
சோஹாரில் புதன்கிழமை, காலை ஒன்பதரை,
ஏசி குளிரில் டெட்டால் வாசம்.
தந்த தாளில் பெயர், வயது, ரத்த வகை வரை
பேனா தடையில்லாமல் ஓடியது.
பதினொன்றாவது வரியில் ஒரு சொல்
கூட்ஸ் வண்டி மாதிரி நீண்டு மறித்தது.

எழுத்துக் கூட்டினேன்:
கன். சங். கு. வி. னிட்டி.
நடுவில் இருந்த சங்கு மட்டும் எனக்குக் கேட்டது.

மாமாவுக்குப் போன் போட்டேன்.
துறைமுகத்தில், கிரேன் உச்சியில் இருந்தார்.
ஸ்பெல்லிங் கேட்டார்.
ஒரு கன்டெய்னர் இறங்கி முடியும் வரை
காற்றுதான் பேசியது.
"ஒரே ரத்தமான்னு கேக்கறாங்க."
"யாரும் யாரும்?"
"நீயும் நானும்."

தாலிக்கு முன்னால் பத்தொன்பது வருஷம் மாமா,
பின்னால் ஆறு வருஷமும் மாமா.
கூப்பிடும் சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை.
அம்மாவின் கடைசித் தம்பி.
அரூரில் இதை ரத்தம் என்று சொல்வதில்லை,
முறை என்பார்கள்.
முறை இருந்தால் தட்டு மாற்றுவார்கள்.
பெரியப்பா மகன் குமரேசனுக்கு முறை இல்லை,
அவன் அண்ணன்.
ஒரே தட்டில் தின்று வளர்ந்தோம்,
அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

தாளுக்கு முறை தெரியாது.
ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

ஷைனி சிஸ்டர் எட்டிப் பார்த்தாள்.
"கசின் தானே? எழுது."
"கசின் இல்ல. அங்கிள்."
சிரித்தாள்.
எந்த வயசான ஆளும் அங்கிள்தானே அந்த பாஷையில்.
"அம்மாவோட தம்பி" என்றேன்.
சிரிப்பு பாதியில் நின்றது.

டாக்டர் இல்ஹாம் சூடான்காரி.
அவள் பேனாவும் தாளைத் தொடாமல் நின்றது.
"கால்?" என்றாள்.
நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.
அரபியில் தாய்மாமனுக்குத் தனிச் சொல்லாம் அது.
"கால் எங்களுக்கு அப்பா மாதிரி.
அவர் எதிரில் முக்காடுகூட வேண்டாம்."

தலை குனிந்திருக்கலாம். தோன்றவில்லை.
"உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டேன்.
"என் அப்பாவின் அண்ணன் மகன்."
ஐயோ என்றுவிட்டது வாய், நல்ல தமிழில்.
அண்ணனையா?

ஐயோவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
யார் முதலில் சிரித்தோம் தெரியாது.
வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காமலிருக்க
ஷைனி கதவைச் சாத்தினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டர் கேட்டாள்,
இது எத்தனையாவது?
எத்தனையாவது முறை என்று
மனசுக்குள் நிரப்பிக்கொண்டேன்.
அதற்கும் அதே சொல்தான் எங்களிடம்.
"இரண்டாவது."
"முதல்?"

முதலுக்கு உறிஞ்சத் தெரியவில்லை.
வெள்ளிச் சங்கில் புகட்டினோம்.
கடைவாயில் வழிந்ததை மாமா சுட்டுவிரலால்
திரும்ப உதட்டுக்குத் தள்ளுவார்.
பச்சை மண்ணுக்கு ஊத மாட்டார்கள்,
அதனால் இன்னொரு சங்கு வரவில்லை.
அக்கா மகளைக் கட்டினால் இப்படித்தான் என்றது
முறை பேசித் தட்டு மாற்றிய அதே வாய்.
வெள்ளிச் சங்கு அம்மா வீட்டுப் பீரோவில்
கல்யாணப் புடவைக்கு அடியில் கிடக்கிறது.

இதையெல்லாம் எந்த இங்கிலீஷில் சொல்ல.
"நாற்பத்தோரு நாள்" என்றேன்.

டாக்டர் அதை எழுதினாள்.
எழுதிய பிறகும் தாளையே பார்த்தபடி
"என் மூத்தவன் நாலு வருஷம்" என்றாள்.
மேலே ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பேனாவை வாங்கி
ஆம் கட்டத்தில் நானே டிக் போட்டேன்.

ஆறாம் நம்பர் அறையில் நாலு குழாய் ரத்தம் எடுத்தார்கள்.
பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தால்
வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது.
திரும்பப் போன் போட்டேன்.

"என்ன போட்டே?"
"ஆம்னு."
காற்று.
"நாளைக்கு உங்க ரத்தமும் வேணுமாம்."
"ஒண்ணுதானே ரெண்டும், உன்னுதே பத்தாதா" என்றார்.
இருவருமே சிரிக்கவில்லை.
பின்னால் யாரோ மலையாளத்தில் கத்தினார்கள்,
கன்டெய்னர் காத்திருக்கிறதென்று.
"சரி, லீவு கேக்கறேன்" என்றார் மாமா.