உறைக்கு இரண்டு

மிச்சிகனில் எங்கள் ஊரில்
காற்று திசை மாறினால்
யாருடைய சம்பளம் என்று மூக்கு சொல்லிவிடும்.
மேற்கிலிருந்து வறுத்த கோதுமை: என்னுடையது.
கிழக்கிலிருந்து மால்ட்டும் கருகிய சர்க்கரையும்:
ரோலண்டுடையது.
நடுவில் ஒரு தண்டவாளம், ஒரு பியர் கடை.
இரவில் ஒரே கட்டில்.

அவன் ஆலை பத்திரிகைக்கு முந்திச் சொல்லிவிட்டது:
டோஸ்டருக்குள் போகும் பழ பேஸ்ட்ரி வருகிறது,
குளிர்பெட்டி வேண்டாம், தட்டும் வேண்டாம்.
ரோலண்ட் அந்தச் செய்தியைக் கத்தரித்து
என் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தான்.
அப்போது அட்டைப்பெட்டிகூட அச்சாகவில்லை.
அடுப்பு மூட்டும் முன்பே
பந்திக்கு ஆள் கூப்பிட்டவர்கள்.

மறுநாள் எங்கள் ஆலையில்
மேல்கோட்டைக் கழற்றவும் யாருக்கும் நேரமில்லை.

ஆறு மாதம்.
இரண்டு மாவுத் தகடு, நடுவே பழக்கூழ்.
சொல்ல எளிது.
ஈரம் கூடினால் பூஞ்சை, குறைந்தால் செருப்புத் தோல்.
ஓரம் சரியாக ஒட்டாவிட்டால்
சூட்டுக் கம்பியில் ஸ்ட்ராபெரி ஒழுகி
கூடம் முழுக்கப் புகை.
மூன்று முறை தீயணைப்பு வண்டி வந்தது.
மூன்றாம் முறை வந்தவர்கள்
காபி இருக்கிறதா என்று கேட்டார்கள்.

மேலே உள்ள துளைகள் என் யோசனை அல்ல.
எல்லாரும் கேட்கிறார்கள். அல்ல.
ஆவி வெளியேற ஒரு வழி வேண்டுமென்று
முள்கரண்டியால் குத்தியவள் லூசில் பிராக்மன்.
எந்தப் பெட்டியிலும் அவள் பெயர் இல்லை.
நான் ஓரம் பார்ப்பவள், வரிசை நான்கில்.

முதலில் நான்கே வகை.
ஸ்ட்ராபெரி, புளூபெரி,
பழுப்புச் சர்க்கரையோடு லவங்கப்பட்டை,
ஆப்பிளோடு கரண்ட் பழம்.
கடைசியது பலருக்கு மறந்துவிட்டது.
என் நகக்கண்ணுக்கு மறக்கவில்லை.

ஒஹாயோவுக்குப் போன லாரிகள்
இரண்டாம் வாரமே இன்னும் கேட்டு நின்றன.
ரோலண்ட் அன்றிரவு உப்பைக்கூடக் கேட்டு வாங்கவில்லை,
எட்டி எடுத்துக்கொண்டான்.
அவர்களுடையதும் வந்தது பிறகு,
நாவில் நிற்காத ஒரு பெயரோடு.
என் நீல ஏப்ரனைக் காரிலேயே மடித்து வைத்துவிட்டு
வீட்டுக்குள் நுழையப் பழகினேன்.

அப்புறம் மேல்பூச்சு.
சர்க்கரை உருகி வடியும் என்றார்கள் மாடியில் இருந்தவர்கள்.
வடியவில்லை.
அதற்குப் பிறகு அணையே இல்லை:
செர்ரி, ராஸ்பெரி, சாக்லேட்,
ஒருமுறை மேலெல்லாம் ஊதா.
இது என்ன பழம் என்றேன்.
காட்டுப் பழம் என்றான் ஆய்வுக்கூடத்துப் பையன்.
எந்தக் காடு என்று அவனுக்கும் தெரியாது.

பூச்சில்லாததை மட்டும் தேடி வாங்குபவர்கள் உண்டு.
ஓரத்தை உடைத்துத் தின்று முடித்து
நடுவை ஒத்திப்போடுபவர்கள்,
வெண்ணெய் தடவுபவர்கள்,
பள்ளிப் பேருந்து திரும்பும் சத்தம் கேட்டதும்
உறையோடு பிடுங்கிக்கொண்டு ஓடுபவர்கள்.
சூடாக்கத்தான் அத்தனையும் செய்தோம்.
யாரும் சூடாக்குவதில்லை.

உறைக்கு ஏன் இரண்டு?
வெள்ளித்தாள் விலை, அவ்வளவுதான்.
தனித்தனியாகச் சுற்றினால் செலவு கூடும்.
டோஸ்டருக்கும் இரண்டு வாய்.
குடும்பம், துணை என்றெல்லாம்
அந்த மேசையில் யாரும் பேசவில்லை, நான் இருந்தேன்.

எழுபத்தொன்றில் ரோலண்ட் போய்விட்டான்.
சாகவில்லை. டொலீடோவுக்கு.
பேஸ்ட்ரி காரணமில்லை.
கொஞ்சம் காரணம்.

மறுநாள் காலை உறையைக் கிழித்து
ஒன்றைத் தின்றேன்.
மற்றதை உள்ளே தள்ளி, வாயை மடித்து,
துணி உலர்த்தும் கிளிப்பை மாட்டினேன்.
மாலைக்குள் நமுத்துவிட்டது.
ஈரம் எந்த வழியாக நுழையும் என்று பார்ப்பதற்கே
பதினோரு வருடம் சம்பளம் வாங்கியவள் நான்.

இப்போதெல்லாம் இரண்டையும் நானே தின்கிறேன்.
முதலாவது, பசிக்கு,
ஜன்னலோரம் நின்றபடி, ஆறியது ஆறியபடி.

இரண்டாவதை மட்டும் சூடாக்குவேன்.