குடை ஒன்று, திரும்பவில்லை

இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி
ஏரிக்குப் போகாமல் இடப்பக்கம் ஏறினால்
பிராக்கன்ஹில் ஓட்டல்.
வரவேற்பறைக்கும் கழிப்பறைக்கும் நடுச்சுவரில்
பித்தளைப் பலகை, பதினோரு பெயர்.
வானிலிருந்து குதித்தவர்கள்.
குதிக்கும் முன் மூன்று வாரம்
இங்கே ஓய்வுக்கு வந்தவர்கள்.
எங்கே குதித்தார்கள் என்று எழுதவில்லை.
‘கிழக்கே’ என்று மட்டும் இருக்கிறது,
திசையே ஓர் ஊர் மாதிரி.

நான் இங்கே இரவுக் கணக்கு.
எத்தனை தண்ணீர் பாட்டில், எத்தனை கூடுதல் போர்வை,
யார் காலி செய்தார், யார் பாக்கி என்று
கம்ப்யூட்டரில் ஏற்றுபவள்.
பலகையைத் துடைப்பது ஜார்க்கண்டுக்காரன் சோம்ரா.
செவ்வாய்தோறும் பிராஸோ போட்டு
அவன் தேய்க்கத் தேய்க்க
பலகை மினுங்குகிறது,
பெயர் கரைகிறது.
ஏழாவது ஆளை இப்போது
விரலால் தடவித்தான் படிக்க முடியும்.

கோடை விழா முடிந்த மறுவாரம்
கிடங்கைக் காலி செய்தார்கள்.
பழைய பேப்பர்காரர் தராசோடு காத்திருந்தார்.
கரையான் மிச்சம் வைத்த பேரேடு ஒன்றை
எடைக்குப் போகுமுன் எடுத்துக்கொண்டேன்.
கணக்கைக் கண்டால் எனக்குக் கை நிற்காது.

ரைட்டர் தைரியநாதன் என்று கையெழுத்து.
வெள்ளைக்காரன் பெயரையெல்லாம்
தமிழில் உட்கார வைத்திருக்கிறார்:
மக்கீனன், தால்பட்டு, ஆக்கின்சு.
கூர்க்காக்கள் இருவருக்கும் ஒரே பெயர் என்பதால்
உயரம் தாப்பா, சிரிப்புத் தாப்பா.
பலகையில் இவர்களுக்கு எண்ணும் படைப்பிரிவும்.
பேரேட்டில் சோடா பதினாறு.
சலவை, கால்சட்டை நான்கு.
பில்லியர்ட்ஸ் மேசைத் துணி கிழித்த வகையில்
ஒன்பதரை ரூபாய், மூவர் தலையில்.
உயரம் தாப்பாவுக்குக் கட்டில் போதாமல்
கால்மாட்டில் ஒரு பெஞ்சு.
சிரிப்புத் தாப்பா: ஆரஞ்சு, ஆரஞ்சு,
மறுநாளும் ஆரஞ்சு.

ஆக்கின்சு கணக்கில் ஒரே வரி.
‘மழைக்குக் குடை ஒன்று. திரும்பவில்லை.
இரண்டு ரூபாய் நாலணா.’

குக்கர் கம்பெனிப் பெயர் என்று
வேலைக்குச் சேர்ந்த அன்று
பலகை முன்னால் நின்று சிரித்திருக்கிறேன்.
ஏழாவது ஆள்.

பாராசூட்டுக்கு எங்கள் பாடப்புத்தகத்தில்
வான்குடை என்று போட்டிருந்தது.
பொருத்துக, ஒரு மதிப்பெண்.
அன்று ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தேன்.
அந்தக் கோடு இப்போது
ஸ்கேல் இல்லாமல் நீள்கிறது.

எங்கே போயிருப்பான் குடையோடு?
லேடீஸ் சீட்டில் நின்று
சேலத்து விளக்குகளைப் பார்த்தானா?
போர்க்காலம், விளக்கை மூடியிருப்பார்கள்.
ஏற்காட்டு மழை மேலிருந்து மட்டும் பெய்வதில்லை,
பள்ளத்திலிருந்து மேகமாக ஏறிவந்தும் நனைக்கும்.
குடை பிடித்தாலும் தாடையில் சொட்டும்.
அதை யாராவது அவனிடம் சொன்னார்களா?

சேதி வந்த மாதம்
சோடா, சலவை, ஆரஞ்சு எல்லாவற்றையும்
சிவப்பு மையில் தள்ளுபடி செய்திருக்கிறார் தைரியநாதன்.
குடையை மட்டும் அடிக்கவில்லை.
மாதாமாதம் முன்பாக்கி என்று
அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகிறார்.
போர் முடிந்த மாதமும்.
கொடி மாறிய மாதமும்.
கருமியா, வேறெதுவுமா,
கையெழுத்தில் தெரியவில்லை.
கரையான் தின்ற இடத்தில்
பாக்கி நிற்கிறது.

நேற்று ராத்திரி பத்தரைக்கு
ஆத்தூர்க்காரத் தம்பதி, புதுத் தாலி,
ஏரிப்பக்கம் நடந்துவரக் குடை கேட்டார்கள்.
வழக்கமாக எழுதிவைப்பதில்லை.
எழுதினேன்.
குடை ஒன்று, அறை நூற்றுநான்கு.
பன்னிரண்டுவரை வாசலையே பார்த்தபடி
ஒரு கணக்கும் ஏற்றவில்லை.

காலையில் சோம்ரா எழுப்பினான்.
வராந்தாவில் விரித்தபடி கிடந்தது
நனைந்த குடை.
மடக்கப் போனவனிடம் சொன்னேன்,
இருக்கட்டும்,
காயட்டும்.