பேனாக் கோடு

வலிக்கவே இல்லை என்றார் எலிசெயோ வென்சுமில்.
மூன்று நாளாய் ஆணியில் தொங்கிய கால்சட்டை,
விடிகாலை நாலரை, ஆப்பிள் கிடங்குக்கு அவசரம்,
ஏதோ முள் என்று சொறிந்துவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் இரவு தல்கா மருத்துவமனைக்கு வந்தபோது
தொடையில் பளிங்கு.
நடுவில் வெள்ளை, சுற்றிலும் நீலம்,
ஓரத்தில் மட்டும் சிவப்பு.

சீழ்க்கட்டி என்றால் கொதிக்கும், புடைக்கும்.
இது குழிந்து கிடந்தது.
சர்க்கரை உண்டா, வேறெங்கும் கொப்புளம் உண்டா,
ஒவ்வொன்றாய்க் கேட்டு ஒவ்வொன்றாய் அடித்துவிட்டு
மிச்சமிருந்ததை எழுதக் கை தயங்கியபோது
அவர் மனைவி கைப்பையைத் திறந்தாள்.
ஜாம் புட்டி.
செருப்படியில் ஐந்து கால்தான் தேறியது.
லென்ஸுக்கடியில் எண்ணினேன்:
ஆறு கண்கள், இரண்டிரண்டாய்.
முதுகில் அந்த வயலின்.

ஓரத்தைப் பேனாவால் வரைந்தேன்,
பக்கத்தில் மணி: 11.40.
மூன்று மணிக்குக் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை.
ஐந்துக்கு இன்னொரு கோடு.
சரிவில் நீர் இறங்குவதுபோல் கீழ்நோக்கி,
எங்கள் நாட்டைப் போலவே நீளமாய், ஒல்லியாய்.

பார்ரியெந்தோஸுக்குக் கை அரித்தது. புது சர்ஜன்.
"செத்ததை வெட்டி எறிவோமே."
எது செத்தது என்று தோலே இன்னும் முடிவெடுக்கவில்லை,
போய்த் தூங்கு என்றேன்.
காலை உயர்த்தி, ஐஸைத் துணியில் சுற்றி வைத்தோம்.
மாற்றுமருந்து சொட்டியது,
பிந்திவிட்டதா என்று யாருக்கும் தெரியாமலே.

என் பயமெல்லாம் பிளாஸ்டிக் குடுவையில்.
ஒவ்வொரு முறையும் விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
கடுங்காப்பி நிறமானால்
உள்ளே ரத்தம் உடைகிறது, அடுத்தது சிறுநீரகம்.
வைக்கோல் நிறம்.
வைக்கோல் நிறம்.
ஆறு மணிக்குக் கொஞ்சம் அடர்ந்தது,
என் வயிறு புரண்டது.
"தண்ணீர் குடிக்கவில்லை," என்றார், திருடிவிட்டவர் போல.
இரண்டு சொம்பு குடித்தார். வெளுத்தது.

ஆறாவது வாரம் கருந்தோல் தானே கழன்றது,
பழஞ்செருப்பின் அடித்தோல் மாதிரி.
பார்ரியெந்தோஸ் மறு தொடையிலிருந்து எடுத்து ஒட்டினான்,
நன்றாகவே ஒட்டினான்.

கட்டில் இப்போது சுவரைத் தொடுவதில்லையாம்.
உதறாமல் எதையும் உடுத்துவதில்லையாம்.
சமையலறை மூலையில் நெட்டைக்கால் புலிச்சிலந்தி ஒன்று,
விளக்குமாறு அதன் பக்கம் போகக்கூடாதென்று மனைவி உத்தரவு,
அது இதுகளைத் தின்னுமாம்.

முதல் கோடு எங்கே இருந்தது என்று கேட்டார்.
காட்டப் போனேன்,
இடம் தெரியவில்லை.
ஒட்டுத்தோலை ஊசிமுனையால் தொட்டேன்.
வலிக்கவே இல்லை என்றார்.
குறித்துக்கொண்டேன்.