முப்பத்தெட்டாம் எண் பூட்ஸ்

கம்சட்காவின் இந்த மீன் ஆலையில்
ஆகஸ்ட் என்றால் சால்மன். வேறு பொருள் இல்லை.
பெல்ட் நிற்காது.
பன்னிரண்டு மணி நேரம் ரப்பர் பூட்ஸுக்குள்
என் கால்கள் தனியாக ஒரு மழைக்காலம் நடத்துகின்றன.

பூட்ஸ் எனதில்லை.
உள்ளே பேனாவால் ‘அய்ஜர்கின்’ என்று எழுதியிருக்கிறது.
போன பருவத்தில் வந்தவள், எங்கள் நரின் பக்கத்துக்காரியாம்.
இடது சுண்டுவிரல் இடுக்கில்
வெள்ளையாய் ஊறி உரிந்த அரிப்புக்கு
அவள்மேல் பழி போடுவது வசதியாக இருந்தது.

மூன்று வாரம் மூச்சு விடவில்லை.
இரவில் ஒரு காலால் மறு காலைத் தேய்த்தபடி
வீட்டுக்குக் குரல் செய்தி அனுப்பினேன்:
நலம். கடல் அழகு.

மருத்துவ அறையில் ரைசா லியோனிதொவ்னா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என் விரல்களைச் சீட்டுக்கட்டாய் விரித்தாள்.
“பூஞ்சை. முகத்தைத் தொங்கப்போடாதே,
காலில்தான் வந்திருக்கிறது.”
பழுப்புப் புட்டியைத் திறந்ததும்
பீனால் நெடி மூக்கில் அறைந்தது.
உள்ளே பீட்ரூட் சாறு போல் ஒரு சாயம்.
“குச்சி நுனியால், மெல்லிசாக.
வெடித்த இடத்தில் கூடாது.
காயும்வரை சாக்ஸ் கூடாது. அடுப்பருகே வைக்காதே, பற்றிக்கொள்ளும்.
வயிற்றில் பிள்ளை உண்டா?”
இல்லை என்றேன்.
எடை, எண், ஷிஃப்ட் தவிர
இந்த நாட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி.

அவசரம் என்னுடையது.
அன்றிரவே அரைப் புட்டியை
உள்ளங்கால் முழுக்கப் பூசினேன்.
கூடப் போட்டால் கூடக் கிடைக்கும்:
கிலோவுக்குக் கூலி வாங்குகிறவளின் கணக்கு.
விடியும்போது பாதம் தணல்.

ரைசா திட்டவில்லை.
தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே கேட்டாள்:
“மீன் முட்டைக்கு உப்புப் போடுகிறவள்தானே நீ?”

தோல் ஆறும்வரை சும்மா விட்டோம்.
பிறகு மறுபடி,
குச்சி நுனி.

சனிக்கிழமைக் குளியலறை. வெள்ளை ஓடுகள்.
நடந்த வழியெல்லாம் இளஞ்சிவப்பாய்
என் விரல்கள் என்னைக் காட்டிக்கொடுத்தன.
இருபது பெண்கள். துண்டால் துடைக்கக் குனிந்தேன்.
குனிந்தபோதுதான் தெரிந்தது:
எனக்கு முன்பே ஒரு தடம்,
என்னுடையதைவிடப் பெரியது,
கடைசி வாளிவரை போய் நின்றிருந்தது.
அங்கே மேஸ்திரி தமாரா,
பெல்ட் சத்தத்தை மீறிக் கத்தும் தமாரா,
கால்விரல்களை வாளிக்குப் பின்னே இழுத்துக்கொண்டாள்.

நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன்.
அவ்வளவுதான். திங்களன்று வழக்கம்போல் கத்தினாள்.

“அரிப்பு முதலில் போகும், பூஞ்சை கடைசியில்தான்.
தோல் தெளிந்த பிறகும் என்னிடம் காட்டு” என்றாள் ரைசா.
காட்டினேன். செப்டம்பர் முடிந்தது.

பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முன்
மார்க்கரை எடுத்து
அய்ஜர்கினுக்குக் கீழே என் பெயரை எழுதப் போனேன்.
எழுதவில்லை.
‘காயவைத்துப் போடு’ என்று எழுதினேன்.