டிஷ்யூ பாக்கெட்

பூன் லே உணவங்காடியில்
நால்வர் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்.
ஆளில்லை, பெயரில்லை.
ஒரு வெள்ளிக்கு மூன்று கிடைக்கும் அந்தக் காகிதத்தை
நம்பி விலகிப் போகிறது
மதியக் கூட்டம்.
தட்டேந்திய நானும்
விலகினேன்.

துவாஸ் விடுதியின் வயரிங் அறையில்
ஒருவர் நிற்கலாம்,
இரண்டாமவர் மூச்சை அடக்க வேண்டும்.
நாற்பத்தெட்டு போர்ட் சுவிட்சுகள் ஒன்பது.
ஒவ்வொரு வாசலிலும் எட்டு வரிசை.
வரும் பாக்கெட்டின் நெற்றியில்
மூன்று பிட்டில் ஓர் எண்.
ஏழு, சுவிட்சுகள் தமக்குள் பேசிக்கொள்ள.
ஐந்து, அலுவலகத் தொலைபேசி.
நான்கு, கண்காணிப்புக் கேமரா.
மற்றதெல்லாம் பூஜ்யம்.
ஒன்று என்பது பூஜ்யத்துக்கும் கீழே;
தர ஆவணத்தில் அப்படித்தான் இருக்கிறது,
எண்ணத் தெரிந்தவர்கள் கூடி எழுதியது.

விளிம்பு வாசலுக்கு ஒரே விதி:
வெளியாள் கொண்டுவரும் குறியை நம்பாதே.
தன்னை ஐந்து என்று சொல்லிக்கொண்டு வருவதை
அழித்துப் பூஜ்யமாக்கி உள்ளே விடு.
போன ஜூலையில் இதை எழுதியவள்
நானேதான்.

ஒன்பது மணி.
லாரிகள் திரும்பி, குளித்து, சாப்பிட்டு முடித்து
ஆயிரத்து இருநூறு கைப்பேசிகள்
ஒன்றாக வீட்டைக் கூப்பிடும் நேரம்.
ஹலோவில் 'லோ' மட்டும் போகிறது.
கிரேனுக்குச் சைகை காட்டும் செவத்தையா சொன்னார்:
"ஒம்போது மணிக்கு மட்டும் எம் மக என்னைய
ரோபோன்னு கூப்புடுது மேடம்."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
எனக்கு வரவில்லை.

கணக்கைத் திறந்து பார்த்தேன்.
பூஜ்ய வரிசை, கைவிடப்பட்டவை:
நாற்பத்தோரு லட்சம்.
சத்தமே இருக்காது. வரிசை நிரம்பினால்
வாலில் வந்து நிற்பதைக் கீழே போடும் சுவிட்சு;
போட்டதை ஒன்றுவிடாமல் எண்ணியும் வைக்கும்.
நான்காம் வரிசையில்
யாருமற்ற வாகன நிறுத்துமிடத்தின்
முழுத்தெளிவுப் படம்
முந்திப் போய்க்கொண்டிருந்தது.

மாற்றக் கோரிக்கைப் படிவத்தில்
'காரணம்' என்றொரு கட்டம்.
ரோஸ்லானுக்கு எதையாவது எழுதித்தான் ஆகவேண்டும்.
மதியம் ஒரு மேசையை விட்டுக்கொடுத்தேன் என்றா?
'குரல் தரம்' என்று எழுதினேன்.
கட்டளை ஒற்றைச் சொல்தான்: நம்பு.
அதன் கீழே ஓர் உச்சவரம்பும் போட்டேன்.
வரம்பில்லாமல் முந்தவிட்டால்
ஐந்தாம் வரிசை மற்ற ஏழையும்
பட்டினி போட்டுவிடும்.
அவ்வளவுதான் என் நம்பிக்கை,
முப்பது சதவீதம்.

மறுநாள் பாதுகாப்பு அறையிலிருந்து புகார்.
மூன்றாம் மாடிக் கேமரா
இரவு 9:07க்கு நான்கு விநாடி உறைந்துவிட்டதாம்.
படத்தையும் இணைத்திருந்தார்கள்.
படிக்கட்டில் ஒருவர்,
காதில் கைப்பேசி, ஒரு கால் அந்தரத்தில்,
வாய் திறந்தபடி அப்படியே நிற்கிறார்.

அவர் சொன்னது
அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.