மூன்றாம் தட்டு

மைனஸ் எண்பதின் கதவைத் திறந்து
பனி சுரண்டிப் படிக்கிறேன் என் கையெழுத்தை:
412. லிஸ்டீரியா. சால்மன் ஆலை, வடிகால்.

பதினோரு வருடம் துரத்தினேன் இதை.
குளோரின் ஊற்றினோம். கொதிநீர் பாய்ச்சினோம்.
ஒரு மாதம் தட்டுகள் வெறுமை.
பிறகு ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை
அகாரில் நீலப் பொட்டு.
மரபணு வரிசை போட்டால் அதே ஆள்.

என் கட்டுரையில் அவர் ‘மூன்றாம் நோயாளி’.
பெயர் ஆஸ்முண்ட்.
புகையூட்டிய மீனைக் கம்புரொட்டியில் வைத்து
முதியோர் இல்லச் சன்னலருகே தின்றார்,
ஃபியோர்டைப் பார்த்தபடி.

இரவில் தரை கழுவும் ரஸா, லிதுவேனியாக்காரி,
உடைந்த நார்வீஜியனில் சொன்னாள்:
“பெல்ட் உருளை உள்ளே காலி.
குலுக்குங்க. தண்ணி பேசும்.”
குலுக்கினேன்.
பேசியது.

நன்றியுரையில் அவளுக்கு அரை வரி.
எனக்குப் பேராசிரியர் பதவி.

ஆலை மூடியாயிற்று. உருளை பழைய இரும்புக்குப் போயிற்று.
412க்கு இனி இந்தக் குப்பிதான்.
கொல்ல அலைந்தவளே
வாடகை வாங்காமல் குடிவைத்திருக்கிறேன்.

வெள்ளியோடு எனக்கு ஓய்வு.
எய்ரிக் பட்டியல் கேட்கிறான்:
எது இருக்கட்டும், எது ஆட்டோகிளேவுக்கு?

குப்பி விரலில் ஒட்டிக்கொண்டு
கொஞ்சம் தோல் கேட்கிறது.
‘இருக்கட்டும்’ என்று எழுதுகிறேன்.
அடுத்த கட்டம்: கண்டறிந்தவர், முழுப்பெயர்.
ரஸா
என்று எழுதி நிற்கிறது பேனா.

இதன் இருபத்தொன்பது லட்சம் எழுத்தும்
என் கணினியில் இருக்கின்றன.
அவள் குடும்பப்பெயரை
யாரிடம் கேட்பது இப்போது,
ஆலையில் தொலைபேசி எடுக்கவும் ஆளில்லை.